நூலைச் சுமந்தோரும் நெருப்பைச் சுமந்தோரும்

மக்கபேயர் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தை நம்மில் எத்தனை பேர் ஊன்றிப் படித்திருப்போம்? ஏழு சகோதரர்களின் மறைசாட்சியத்துக்காகவும், இறந்தோருக்காக மன்றாடுவது பற்றிய பகுதிக்காகவும் அந்நூலைப் புரட்டும் நாம், தொடக்கத்தில் உள்ள மடல்களை விரைந்து கடந்துவிடுகிறோம். அம்மடல்களுள் ஒன்றில் வியப்பான ஒரு செய்தி இருக்கிறது. யூதரின் முன்னோர் பாரசீகத்துக்கு நாடுகடத்தப்பட்டபோது, இறைப்பற்று மிக்க குருக்கள் சிலர் பலிபீடத்து நெருப்பை எடுத்து, நீரற்ற கிணறு ஒன்றின் குழியில் மறைத்து வைத்தார்களாம். பல்லாண்டுகள் சென்றபின், பாரசீக மன்னனின் ஆணை பெற்றுத் திரும்பி வந்த நெகேமியா, அக்குருக்களின் வழிமரபினரை அனுப்பித் தேடச் செய்தபோது, அங்கே நெருப்பு இல்லை. கெட்டியான ஒரு நீர்மமே இருந்தது. அதை விறகின்மீது தெளித்தார்கள். முகில் விலகிக் கதிரவன் ஒளி வீசிய வேளையில் விறகு பற்றி எரிந்தது. செய்தி அறிந்த பாரசீக மன்னன், அவ்விடத்தைச் சுற்றி வேலி அமைத்து, அதைப் புனித இடமாக்கினான் என்கிறது அம்மடல்.

இது வரலாறா, பக்திக் கதையா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் யூதர் கொண்டுசெல்லப்பட்டது பாபிலோனுக்கு. அந்நாட்டைப் பாரசீகர் வென்றது பின்னாளில்தான். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. தங்கள் பலிபீடத்து நெருப்பை ஒரு புற இன மன்னன் போற்றினான் என்பதை யூத நூல் ஒன்று பெருமையோடு பதிவு செய்கிறது. நெருப்பின் அருமை அறிந்தவர் பாரசீகர் என்பது எருசலேம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. உலகின் மிகப் பழைய இரு சமயங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டதன் சுவடு அது. அவ்விரண்டும் இன்றும் அழியாமல் வாழ்கின்றன; ஆனால் நாம் அவற்றை நம் மறைக்கு எழுதப்பட்ட முன்னுரைகளாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

பாரசீகரின் சமயத்தை நிறுவியவர் சரத்துஸ்திரர். கிரேக்கர் அவரை ஜொராஸ்டர் என்றனர். நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது அப்பெயரே. அவர் பாடியவையாகக் கருதப்படும் 17 பாடல்கள் காதைகள் என்ற பெயரில் அவெஸ்தா என்னும் மறைநூலின் நடுவே அமைந்துள்ளன. அவற்றின் மொழி இருக்கு வேதத்தின் மொழிக்கு உடன்பிறப்பு. ஆனால் சொற்களின் பொருள் சில இடங்களில் தலைகீழாக இருக்கிறது: அங்கே ‘அகுரா’ என்றால் ஆண்டவர், ‘தேவா’ என்றால் பொய்த் தெய்வம், தீய ஆவி. நம் நாட்டில் அசுரரும் தேவரும் பெற்ற இடத்தை எண்ணிப் பார்த்தால், ஒரே குடும்பத்தில் பிறந்த இரு பிள்ளைகள் எதிரெதிர்த் திசையில் சென்றது விளங்கும்.

ஞானமே உருவான ஆண்டவர், அகுரா மஸ்தா, ஒருவரே வழிபாட்டுக்குரியவர் என்பது சரத்துஸ்திரரின் அடிப்படைப் போதனை. அவர் படைத்த உலகம் நல்லது. அவ்வுலகுக்குள் நுழைந்து அதைக் கெடுப்பது அங்ரா மைன்யு என்னும் அழிவின் ஆவி. உண்மை, ஒழுங்கு, நேர்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கும் ‘அஷா’ ஒருபுறமும், பொய்யாகிய ‘துருஜ்’ மறுபுறமும் நின்று போரிட, மனிதன் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். ஆணும் பெண்ணும் தனித்தனியே தம் மனத்தால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காதைகள் வற்புறுத்துகின்றன. நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் ஆகிய மூன்றே ஒரு சரத்துஸ்திரியின் அறநூல். இறந்த ஆன்மா நான்காம் நாள் விடியலில் சின்வத் என்னும் பாலத்தைக் கடக்கும். நல்லவருக்கு அது அகன்று வழிவிடும். தீயவருக்குக் கத்தி முனைபோல் குறுகும். இறுதியில் மீட்பர் ஒருவர் தோன்றுவார், இறந்தோர் எழுவர், உலகம் புதுப்பிக்கப்படும், தீமை அறவே ஒழியும்.

இவர்களை ‘நெருப்பை வணங்குவோர்’ என்று அழைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவர்கள் அப்பெயரை விரும்புவதில்லை. அது சரியான பெயரும் அன்று. பாஸ்கா திருவிழிப்பு இரவில் புதுத் தீயை மந்திரித்து, அதில் ஏற்றிய மெழுகுதிரியைக் கிறிஸ்துவின் ஒளி என்று உயர்த்திப் பிடிக்கும் நாம், மெழுகையா வணங்குகிறோம்? அவர்களுக்கு நெருப்பு இறைவனின் ஒளிக்கும் உண்மைக்கும் சான்று. அதன்முன் நின்று பொய் சொல்ல இயலாது. அதனாலேயே நெருப்பையும் நீரையும் மண்ணையும் மாசுபடுத்தலாகாது என்பது அவர்களுக்குக் கடுமையான விதி. இறந்த உடலை எரிக்காமலும் புதைக்காமலும், உயர்ந்த வட்டச் சுவருக்குள் பறவைகளுக்கு விட்டுவிடும் ‘தக்மா’ வழக்கமும் இவ்விதியிலிருந்தே பிறந்தது.

ஏழு வயதைக் கடந்த சிறுவனுக்கும் சிறுமிக்கும் ‘நவ்ஜோத்’ என்னும் சடங்கில் வெள்ளை உள்ளாடையான சுத்ரேயும், ஆட்டுக்குட்டியின் கம்பளி நூல் 72 இழைகளால் நெய்த கஸ்தி என்னும் இடைக்கயிறும் அணிவிக்கப்படுகின்றன. வழிபாட்டு நூலான யஸ்னாவின் 72 அதிகாரங்களை அவ்விழைகள் குறிக்கின்றன. நாளில் பலமுறை அக்கயிற்றை அவிழ்த்து, செபம் சொல்லி, மீண்டும் இடையில் மும்முறை சுற்றி முடிய வேண்டும். செபமாலையைக் கையில் எடுத்த உடனே நம் முன்னோரின் மனம் எப்படி ஒடுங்கியதோ, அப்படி ஒரு பயிற்சி இது.

இனி யூதரிடம் வருவோம். ஆபிரகாமின் அழைப்பும், எகிப்திலிருந்து விடுதலையும், சீனாய் உடன்படிக்கையும் நமக்கு ஞாயிறு வாசகங்கள் வழியே நன்கு அறிமுகமானவை. அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஆனால் கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேமும் திருக்கோவிலும் பாபிலோனியரால் அழிக்கப்பட்டபோது நிகழ்ந்த மாற்றத்தை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. நாடு இல்லை, அரசன் இல்லை, பலிபீடம் இல்லை. எஞ்சியவை சொல்லும் நாளும் மட்டுமே. ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதும், விருத்தசேதனமும், முன்னோர் வாய்மொழியாகவும் சுவடியாகவும் விட்டுச்சென்றவற்றைத் தொகுத்து வாசிப்பதும் அந்நிய மண்ணில் புது வலிமை பெற்றன. தோல்வியுற்ற மக்கள் தங்களை வென்றவரின் தெய்வத்துக்குப் பணிவதே அக்கால வழக்கம். இவர்களோ, தங்கள் கடவுள் ஒருவரே உலகனைத்துக்கும் கடவுள் என்று அங்குதான் உரக்க அறிக்கையிட்டனர்.

கி.மு. 539-இல் பாரசீக மன்னன் சைரசு பாபிலோனுக்குள் நுழைந்தான். யூதர் தாயகம் திரும்பவும் திருக்கோவிலைக் கட்டவும் இசைவு கிடைத்தது, கி.மு. 515-ஐ ஒட்டிக் கோவில் நிறைவுற்றது. எசாயா நூல் இம்மன்னனுக்குச் சூட்டும் பெயர் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது: ‘ஆண்டவரின் திருப்பொழிவு பெற்றவர்’. எபிரேயத்தில் அச்சொல் மெசியா. புற இனத்து மன்னன் ஒருவனுக்கு அப்பட்டம் வழங்கப்பட்டது விவிலியத்தில் அங்கு மட்டுமே. அதே அதிகாரத்தில், ஒளியைப் படைப்பவரும் இருளை உண்டாக்குபவரும் ஆண்டவர் ஒருவரே என்ற முழக்கம் வருகிறது. ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனித் தலைவரைக் கண்ட பாரசீகருக்கு அது மறுமொழி என்று கருதும் அறிஞர் உண்டு. நன்றியும் மறுப்பும் ஒரே மூச்சில் வெளிப்படும் அவ்விடம் மிக அழகானது. 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த சைரசின் களிமண் உருளை, அவன் அந்நகரின் தெய்வமான மர்தூக்கையும் புகழ்ந்ததைக் காட்டுகிறது. அரசியல் அறிந்த மன்னன்! அவனுக்குப் பின்வந்த தாரியு, பெகிஸ்தூன் பாறையில் பொறித்த சாசனத்தில் அகுரா மஸ்தாவின் அருளால் தான் அரசனானதாகத் திரும்பத் திரும்பக் கூறுகிறான்.

இவ்வாறு இரு நூற்றாண்டுகள் யூதர் பாரசீகக் குடைக்கீழ் வாழ்ந்தனர். இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. வானதூதர், அலகை, உயிர்த்தெழுதல், இறுதித் தீர்ப்பு ஆகியவற்றை யூதர் பாரசீகரிடமிருந்து பெற்றனரா? பெற்றனர் என்று அடித்துப் பேசுவோரும் உண்டு. அப்பேச்சே நம் நம்பிக்கைக்கு இழுக்கு என்று சினப்போரும் உண்டு. இரு தரப்பினரும் அவசரப்படுகிறார்கள் என்றே எண்ணுகிறோம். சில தடயங்கள் மறுக்க முடியாதவை. தோபித்து நூலில் சாராவின் கணவர் எழுவரைக் கொன்ற அசுமதேயு என்னும் அலகையின் பெயரில், அவெஸ்தா கூறும் சினத்தின் தீய ஆவியான ‘ஏஷ்ம தேவா’வின் பெயர் ஒலிப்பதைப் பெரும்பாலான அறிஞர் ஏற்கின்றனர்; அக்கதை நடப்பதும் மேதியாவில்தான். பல ஐரோப்பிய மொழிகளில் வான்வீட்டைக் குறிக்கும் ‘பரதீசு’ என்ற சொல், மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் ஞானிகளைக் குறிக்கும் ‘மாகோய்’ என்ற சொல்லும் ஈரானியக் குருகுலத்தாரின் பெயரிலிருந்து வந்ததே. கிறிஸ்து பிறப்புக் குடிலில் நாம் ஒட்டகத்தோடு நிறுத்தும் மூவருக்கும் முடி சூட்டி அரசராக்கியது பிற்கால மரபு.

ஆனால் அவெஸ்தா எழுத்தில் வடிக்கப்பட்டது சாசானியர் காலத்தில், அதாவது கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின். அதற்குமுன் அது தலைமுறை தலைமுறையாக மனப்பாடத்தில் வாழ்ந்தது. ஆகவே எது எதற்கு முந்தியது என்பதை நூல்களை அருகருகே வைத்து மட்டும் தீர்ப்பது எளிதன்று. மேலும், உயிர்த்தெழுதல் பற்றிய நம்பிக்கை யூதரிடையே மிகத் தெளிவாக ஒலிப்பது தானியேல் நூலிலும் மக்கபேயர் நூலிலும். அவை பிறந்தது பாரசீக அமைதியில் அன்று. அந்தியோக்கின் கொடுமையில், நேர்மையாளர் சாகும்போது கடவுளின் நீதி எங்கே என்று குமுறிய நெஞ்சங்களில். அண்டை வீட்டாரின் பேச்சு ஒருவனுக்குச் சொல் தரலாம், தாகம் அவனுடையதே.

உரோமையர் கி.பி. 70-இல் இரண்டாம் திருக்கோவிலையும் எரித்தனர். முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து தப்பிய யோகனான் பென் சக்காய் என்னும் இரபி, யாவ்னே என்ற சிற்றூரில் கல்விக்கூடம் ஒன்றை நடத்தினார். பலிக்கு ஈடாக இறைவேண்டலும், மறைநூல் கல்வியும், இரக்கச் செயல்களும் அமைந்தன. வாய்மொழிச் சட்டங்கள் கி.பி. 200-ஐ ஒட்டி மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டன. அதற்கான விரிந்த விவாதங்கள் தால்மூத் ஆயின. தோராவில் உள்ளவையாக அவர்கள் எண்ணும் கட்டளைகள் 613. எண்ணிக்கையைக் கேட்டு நாம் மிரள்கிறோம். ஆனால் வெள்ளி மாலை கதிரவன் மறையுமுன் வீட்டுத் தலைவி ஓய்வுநாள் விளக்கை ஏற்றிக் கண்களை மூடிச் செபிப்பதையும், பாஸ்கா இரவில் வீட்டின் கடைசிப் பிள்ளை ‘இந்த இரவு ஏன் வேறுபட்டது’ என்ற பொருளில் கேள்வி எழுப்ப, குடும்பமே விடுதலை வரலாற்றைச் சொல்லி மறுமொழி தருவதையும் அறிந்தால், அக்கட்டளைகள் சுமையாக அன்றி வீட்டின் தூண்களாகத் தெரியும். கதவு நிலையில் பதிக்கும் சிறு சிமிழுக்குள்ளும், இறைவன் ஒருவரே என்னும் அறிக்கை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தொழுகைக்கூடத்தில் தோராச் சுருள் பேழையின்முன் அணையா விளக்கு எரிகிறது. நம் நற்கருணைப் பேழையின் முன்னும் ஒரு விளக்கு எரிகிறது.

யூதரின் தலைசிறந்த சட்டக் களஞ்சியமான பாபிலோன் தால்மூத், சரத்துஸ்திர சமயத்தை அரச சமயமாகக் கொண்ட சாசானியப் பேரரசில் (கி.பி. 224–651) உருவானது குறிப்பிடத்தக்கது. அதே பேரரசில் துன்புறுத்தலும் நிகழ்ந்தது. மூன்றாம் நூற்றாண்டில் கர்தீர் என்ற தலைமைக் குரு, யூதரையும் கிறிஸ்தவரையும் பிறரையும் ஒடுக்கியதைத் தன் கல்வெட்டிலேயே பெருமையாகப் பொறித்தார். நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் சாப்பூர் மன்னனின் ஆட்சியில் செலூக்கியா–தெசிபோன் ஆயர் சிமியோனும் எண்ணற்ற கிறிஸ்தவரும் கொல்லப்பட்டனர். உரோமைப் பேரரசன் கிறிஸ்தவன் ஆனபின், பாரசீகத்துக் கிறிஸ்தவர் பகைவரின் ஒற்றராகப் பார்க்கப்பட்டதே அதற்குப் பெருங்காரணம்.

அரியணை ஏறிய சமயம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. நம் வரலாறும் விலக்கன்று. 1492-இல் யூதரை வெளியேற்றியது கத்தோலிக்க ஸ்பெயின். 1560-இல் கோவாவில் அமைந்த விசாரணை மன்றத்தின் முதல் இலக்குகளுள் யூதக் குடியில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற ‘புதுக் கிறிஸ்தவர்’ இருந்தனர். அம்மன்றம் முற்றாக ஒழிந்தது 1812-இல்தான். கிறிஸ்துவின் சாவுக்குப் பொறுப்பென்று யூத மக்கள் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தபோது, 60 இலட்சம் யூதர் ஐரோப்பாவில் கொல்லப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குச் சென்று, அவர்களை மூத்த சகோதரர் என்னும் பொருள்பட அழைத்தார். சங்கத்தின் அந்த ஏட்டில் சரத்துஸ்திர சமயத்தின் பெயர் இடம்பெறவில்லை. சிறுத்துப்போனவரை யாரும் எளிதில் நினைப்பதில்லை.

அவர்கள் சிறுத்தது எப்படி? அரபியர் படையெடுப்பில் கடைசி சாசானிய மன்னன் மூன்றாம் யஸ்தகெர்து 651-இல் மாண்டான். தலைவரி, இழிவு, மதமாற்றம் என நூற்றாண்டுகள் கழிய, எஞ்சியவர் யஸ்து, கெர்மான் ஆகிய பாலைவன ஓர நகரங்களில் ஒடுங்கினர். அத்தலைவரி அங்கு நீக்கப்பட்டது 1882-இல். ஒரு பகுதியினர் கடல் கடந்து குஜராத் கரையில் சஞ்சான் என்ற இடத்தில் இறங்கினர். அவ்வரலாற்றைச் சொல்லும் ‘கிஸ்ஸா-இ-சஞ்சான்’ என்ற பாரசீகக் காப்பியம் 1600-ஐ ஒட்டி எழுதப்பட்டது. உங்கள் மறையை விளக்குங்கள், எங்கள் மொழியைப் பேசுங்கள், உங்கள் பெண்கள் எங்கள் உடையை உடுத்தட்டும், படைக்கலங்களைக் கீழே வையுங்கள் என்று அந்நாட்டு மன்னன் விதித்ததாக அது கூறும். பால் நிறைந்த கிண்ணத்தில் சர்க்கரையைக் கரைத்துக் காட்டிய கதை புகழ்பெற்றது. ஆனால் அக்காப்பியத்தில் அக்கதை இல்லை. இங்கு வந்து அவர்கள் நிறுவிய ‘ஈரான்ஷா’ என்னும் பெருநெருப்பு, பொற்கொல்லர், குயவர் போன்றோரின் உலைத் தீயும், மின்னல் தாக்கியதில் பிறந்த தீயுமாக 16 வகை நெருப்புகளைத் தூய்மை செய்து சேர்த்து உண்டானது. போர்க்காலங்களில் குகையிலும் காட்டிலும் காக்கப்பட்டு, 1742 முதல் உத்வாடாவில் எரிகிறது.

யூதர் வந்த வழிகள் வேறு. கொங்கணக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கியதாகத் தம் மரபு கூறும் ‘பெனே இஸ்ரயேல்’ மக்கள், எபிரேயத்தைப் பெரும்பாலும் மறந்து, செக்காட்டி எண்ணெய் விற்று வாழ்ந்தனர். ஆனால் சனிக்கிழமை செக்கு ஓடாது. அண்டை வீட்டார் அவர்களைச் ‘சனிவாரச் செக்கார்’ என்னும் பொருள்பட அழைத்தனர். நூலும் கைநழுவிய நிலையில் ஒரு நாள் மட்டும் அவர்களைக் காத்தது! கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடம் அரசரின் அரண்மனைக் கோவிலை ஒட்டி நிற்கிறது. 1662-இல் அதைக் கொளுத்தியவர் போர்த்துக்கீசியர். சென்னைப் பட்டினத்துப் பவளக்காரத் தெருவின் பெயரும், 17-ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வணிகம் செய்த யூதரை நினைவூட்டுவது.

இவை யாவற்றிலும் நமக்கு அருமையானது கொல்லத்துச் செப்பேடு. கி.பி. 849-இல், சேரப் பெருமாள் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யன் அடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோவிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய சாசனம் அது, வட்டெழுத்தில் எழுதப்பட்டது. சாட்சிகளின் கையொப்பங்களில் அரபு எழுத்து உண்டு. பகலவி என்னும் பழம்பாரசீக எழுத்து உண்டு. எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீக மொழியும் உண்டு. பகலவியில் ஒப்பமிட்டோருள் கிறிஸ்தவரோடு சரத்துஸ்திர சமயத்தாரும் இருந்தனர். கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த கொடைக்கு யூதரும் பாரசீகரும் இசுலாமியரும் சாட்சி! சமய உரையாடல் என்ற சொல் பிறக்கும் முன்னரே, வணிகமும் நம்பிக்கையும் கைகோத்த ஒரு துறைமுகம் நம் அருகில் இருந்திருக்கிறது.

இன்று இரு சமூகங்களையும் வாட்டும் கேள்வி ஒன்றே: யார் நம்மவர்? யூத மரபில் தாய் வழியே பிள்ளை யூதன். அமெரிக்கச் சீர்திருத்த யூதர் 1983-இல் தந்தை வழியையும் ஏற்றதை மரபாளர் இன்றும் மறுக்கின்றனர். பார்சிகளிடம் இதற்கு நேர்மாறு. 1908-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறிய தீர்ப்பின் வழி, பார்சித் தந்தையின் பிள்ளைக்கு இடமுண்டு. பிற இனத்தாரை மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. 1941-இல் பிரிவுபடாத இந்தியாவில் 1,14,890 பேராக இருந்த பார்சிகள், 2011 கணக்கெடுப்பில் 57,264. தனித்தனியே ஆணும் பெண்ணும் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாடிய சரத்துஸ்திரரின் சமயத்தில், பிறப்பே வாயிற்கதவாக அமைந்தது நமக்கு வியப்பளிக்கிறது. ஆயினும் அடைக்கலம் புகுந்த இடத்தில் பிறரை மனம் மாற்றாமல் ஒதுங்கி வாழ்ந்ததே அவர்களை ஆயிரம் ஆண்டுகள் காத்தது என்பதையும் மறக்கலாகாது. அதே வேலி இன்று நெரிக்கிறது.

வேறொரு சோதனையும் வந்தது. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோபினாக் மருந்தால் 1990-களில் பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்தன. அரசு 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தும் அவை முன்போல் பெருகவில்லை. மும்பைத் தக்மாக்களில் கதிரவன் வெப்பத்தைக் குவிக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. எரியூட்டலைத் தெரிந்துகொள்வோருக்கென 2015-இல் வொர்லியில் செபக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. மரபு வழிக் குருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. சென்னை இராயபுரத்தில், இறந்த மகனின் நினைவாகத் தந்தை ஒருவர் எழுப்பி 1910-இல் அர்ப்பணிக்கப்பட்ட நெருப்புக் கோவில் இருக்கிறது. பிற சமயத்தார் அதனுள் நுழைய இயலாது. உத்வாடாவில் ஒன்பது குருகுலக் குடும்பங்கள் முறைவைத்து ஈரான்ஷாவைக் காக்கின்றன. குருக்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். எனினும் நாளின் ஐந்து பொழுதுகளிலும் அங்கே மணி ஒலிக்கிறது. வெண்ணிற ஆடையும் வாய்மறைப்பும் அணிந்த குரு, சந்தனக் கட்டையை நெருப்பில் இடுகிறார்.